தலைசுற்றியது யாருக்கு?

1788-ம் வருஷம் ஒரு நாள், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையை ஒட்டி ஒரு படகு போகிறது. அதில் 60 வயதைத் தாண்டிவிட்ட ஜேம்ஸ் ஹட்டன். கூடவே எடின்பரோ சர்வகலாசாலையின் கணிதப் பேராசிரியர் ஜான் ப்ளேஃபேர், அந்தப் பக்கத்து நிலச்சுவான்தார் ஸர் ஜேம்ஸ் ஹால். கரையோரப் பாறைகளைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் ஸிக்கர் முனை என்ற இடத்தை அடைகிறார்கள். அங்கே கீழேயுள்ள பாறை அடுக்குகள் அலமாரியில் நிறுத்திய புத்தகங்களைப்போலச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல், லேசான சாய்வோடு, சிவப்பு மணற்கல் அடுக்குகள் படுத்திருக்கின்றன. ஹட்டன் விளக்கிச் சொல்கிறார். கேட்டவர்களுக்குக் காலத்தின் ஆழத்தை எட்டிப் பார்த்ததுபோல் தலை சுற்றுகிறது. நிலவியல் என்ற சாஸ்திரம் பிறந்துவிடுகிறது.

பூமியின் சரித்திரத்தைச் சாதாரண வாசகனுக்குச் சொல்ல வந்த ஆங்கிலப் புத்தகங்களில் இந்தக் காட்சி இல்லாதது அபூர்வம். கோயிலுக்கு ஸ்தல புராணம் எப்படியோ, நிலவியலுக்கு ஸிக்கர் முனை அப்படி. ஸ்தல புராணத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு சாஸ்திரத்தின் பிறப்பு பற்றிய கதை அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல. ஒரு பெரிய எண்ணம் மனித மனத்தில் எப்படித் தோன்றுகிறது, அது எப்படிப் பிறரிடம் போய்ச் சேருகிறது என்ற இரண்டு கேள்விகளும் அதில் அடங்கியிருக்கின்றன. எழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிற நமக்குப் பாறையைவிட இந்த இரண்டு கேள்விகளும்தான் முக்கியம்.

முதலில் பாறை. கீழே நிற்கும் சாம்பல் நிற அடுக்குகள் ஏறக்குறைய 43.5 கோடி வருஷங்களுக்கு முன் ஒரு கடலடியில் வண்டலாகப் படிந்தவை. வண்டல் படுக்கைவாட்டில்தான் படியும். அது இறுகிக் கல்லாகி, நெருக்குண்டு மடிந்து செங்குத்தாகி, கடலுக்கு மேலே எழும்பி, மழையிலும் காற்றிலும் தேய்ந்து மழுங்கிய பிறகு, அந்த மழுங்கிய தலைகளின்மேல் புதிதாக மணல் படிந்தது. இது நடந்து 37 கோடி வருஷங்கள் ஆகின்றன. அந்த மணலும் கல்லாகி, சாய்ந்து, இன்று கடலலையில் தேய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு பாறைகளும் தொட்டுக்கொண்டிருக்கிற கோட்டை ஒரு விரலால் மறைத்துவிடலாம். அந்தக் கோட்டில் ஆறரைக் கோடி வருஷங்கள் காணாமல் போயிருக்கின்றன. வருஷக் கணக்கு ஹட்டனுக்குத் தெரியாது. கதிரியக்கத்தை வைத்துப் பாறையின் வயதை அளக்கும் வழி 20-ம் நூற்றாண்டில்தான் வந்தது. ஒரு கண்டம் தோன்றி அழிந்து, அதன்மேல் இன்னொன்று தோன்றியிருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

இப்போது கதை. இந்தக் காட்சியை நமக்கு எழுதி வைத்தவர் ஹட்டன் அல்ல, ப்ளேஃபேர். ஹட்டன் 1797-ல் இறந்த பிறகு, நண்பரின் வாழ்க்கைக் குறிப்பாக அவர் எழுதி 1805-ல் அச்சேறிய கட்டுரையில் இது வருகிறது. அதாவது, நடந்து 17 வருஷங்களுக்குப் பிறகு. ஹட்டனும் அந்தப் படகுப் பயணத்தைத் தம்முடைய புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். நிதானமான வருணனை அது. எந்தப் பாறை, எந்தச் சாய்வு, எங்கே ஒன்றை ஒன்று தொடுகிறது என்ற விவரம். தலைசுற்றல் இல்லை. தலைசுற்றியது ப்ளேஃபேருக்கு. ஹட்டனுக்கு ஏன் சுற்றவில்லை என்று கேட்பதிலிருந்துதான் உண்மையான சரித்திரம் தொடங்குகிறது.

சுற்றவில்லை, ஏனென்றால் அவர் எதிர்பார்த்துப் போனதையே பார்த்தார். ஹட்டனின் கோட்பாடு எடின்பரோ ராயல் சொஸைட்டியின் முன் 1785 மார்ச் 7-ம் தேதியும் ஏப்ரல் 4-ம் தேதியும் வாசிக்கப்பட்டது. முதல் நாள் அவருக்கு உடல்நிலை சரியில்லாததால் நண்பர் ஜோஸஃப் பிளாக் வாசித்தார். ஸிக்கர் முனைக்குப் போனது அதற்கு மூன்று வருஷங்கள் கழித்து. பாறை ஒன்றுக்குள் உருகிய நிலையில் புகுந்து கிளைவிட்ட கருங்கல்லைத் தேடி க்ளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போனதுகூட 1785-ன் பிற்பகுதியில், வாசித்து முடித்த பிறகுதான். அங்கே அந்தச் சிவப்புக் கிளைகளைக் கண்டதும் அவர் அடைந்த சந்தோஷத்தைப் பார்த்து, வழிகாட்ட வந்தவர்கள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களாம். இதையும் ப்ளேஃபேர்தான் சொல்கிறார். எதையோ தற்செயலாகக் கண்டவனின் சந்தோஷம் அல்ல அது. தான் சொன்னது பலித்துவிட்டது என்று பார்க்கிறவனின் சந்தோஷம்.

அப்படியானால் எண்ணம் எங்கிருந்து வந்தது? ஹட்டன் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர், தொழில் செய்யவில்லை. புகைக்கரியிலிருந்து நவச்சாரம் எடுக்கும் தொழில் ஒன்றில் கூட்டாளி. எல்லாவற்றுக்கும் மேலாக, தந்தைவழி வந்த நிலத்தில் பல வருஷங்கள் விவசாயம் செய்தவர். மழை பெய்தால் வாய்க்காலில் மண் கரைந்து ஓடும் என்பது விவசாயிக்குத் தினசரி அனுபவம். பயிர் விளைய மண் வேண்டும். பாறை சிதைந்தால்தான் மண். சிதைந்த மண் ஆற்றோடு போய்க் கடலில் சேர்ந்தே தீரும். இதே ரீதியில் போனால் ஒரு நாள் நிலமே மிஞ்சாது. உயிர்கள் வாழ்வதற்கென்று அறிவுள்ள ஒருவனால் உண்டாக்கப்பட்ட பூமியில் இப்படி ஒரு குறை இருக்க முடியாது என்று ஹட்டன் நம்பினார். ஆகவே, கரைந்துபோன நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு ஒன்று பூமிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அது பூமியின் உள் வெப்பம். கடலடியில் சேர்ந்த வண்டலை இறுக்கிக் கல்லாக்குவதும், அதை மேலே தூக்கிப் புதிய நிலமாக்குவதும் அதுதான். வெப்பத்தைப் பற்றி ஆராய்ந்த பிளாக்கும், நீராவி எந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டும் அவருடைய சிநேகிதர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எரிமலை அவருக்கு ஒரு விபத்து அல்ல, அந்த எந்திரத்தின் பாதுகாப்பு வால்வு.

இப்படி, கடவுளின் நோக்கம் பற்றிய ஒரு நம்பிக்கையிலிருந்து, பாறைகளைப் பார்ப்பதற்கு முன்பாகவே, சரியான முடிவுக்கு வந்தவர் ஹட்டன். இன்றைய விஞ்ஞானத்துக்கு இது தர்மசங்கடமான பிறப்பு. வெகுஜனப் புத்தகங்கள் இந்தச் சங்கடத்தை மிக எளிதாகத் தீர்த்துக்கொண்டன: வரிசையை மாற்றிவிட்டன. முதலில் பாறை, பிறகு எண்ணம். கண் திறந்து பார்த்தான், உண்மை தெரிந்தது. ஸிக்கர் முனையைக் கடந்து எத்தனையோ தலைமுறை மீனவர்கள் படகு விட்டிருப்பார்கள். அவர்களுக்கும் கண் இருந்தது. கேள்வி இருந்தது ஹட்டனுக்கு.

இந்த வரிசை மாற்றத்தை ஒரே ஆள் செய்யவில்லை. அதுவும் ஒரு வண்டல்தான், அடுக்கடுக்காகப் படிந்தது.

முதல் அடுக்கு ப்ளேஃபேர். அவர் இல்லையென்றால் ஹட்டன் இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அயர்லாந்தின் ரசாயன அறிஞர் ரிச்சர்ட் கிர்வான் 1793-ல் தாக்கி எழுதியதற்குப் பதிலாக, ஹட்டன் 1795-ல் தமது கோட்பாட்டை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். பிரெஞ்சு மேற்கோள்கள் பக்கம் பக்கமாக, மொழிபெயர்க்காமல். ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தவன் மறுகரை சேருவதற்குள் தொடங்கின இடம் மறந்துபோகும். அதற்கு முந்தின வருஷம் அறிவின் தத்துவம் பற்றி அவர் போட்ட மூன்று பாகங்கள் இதையும் மிஞ்சியவை. பேச்சில் ஹட்டன் பிரகாசமானவர் என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு பேனாவுக்கு வரவில்லை. ப்ளேஃபேர் 1802-ல் ஹட்டனின் கோட்பாட்டுக்கு எழுதிய விளக்க நூல்தான் அதை உலகத்துக்குக் கொண்டுபோயிற்று. கணிதம் பழகிய மனம். தெளிவான, அளவான, எதையும் இரண்டு முறை சொல்லாத உரைநடை. ஆங்கில விஞ்ஞான எழுத்தின் நல்ல பக்கங்களில் அதற்கு இடம் உண்டு. ஆனால் தெளிவுக்கு ஒரு விலை இருந்தது. ஹட்டனின் வாதத்துக்கு முதுகெலும்பாக இருந்த நோக்கம் பற்றிய நம்பிக்கையை ப்ளேஃபேர் பின்னுக்குத் தள்ளினார். மண்ணைப் பற்றிய விவசாயியின் கவலை, கல்லைப் பற்றிய விஞ்ஞானியின் அவதானமாக மாறியது.

இரண்டாவது அடுக்கு சார்ல்ஸ் லயல். ஹட்டன் இறந்த அதே 1797-ல் பிறந்தவர், சட்டம் படித்தவர். 1830-க்கும் 1833-க்கும் இடையே மூன்று பாகங்களாக வந்த அவருடைய 'நிலவியலின் தத்துவங்கள்' முதல் பாகத்தின் முகப்புப் படம், நேப்பிள்ஸுக்கு அருகே பொஸுவோலியில் நிற்கும் மூன்று ரோமானியத் தூண்கள். தூண்களின் நடுப்பகுதியில் கடல் சிப்பிகள் துளைத்த துளைகள் வரிசையாக இருக்கின்றன. கட்டடத்தின் காலத்துக்குப் பிறகு நிலம் அத்தனை ஆழம் கடலில் அமிழ்ந்து, மறுபடியும் எழும்பியிருக்கிறது, தூண்கள் விழவில்லை. பூமியின் பெரிய மாறுதல்கள் இப்படி மெதுவாகவும் நடக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை ஒரு வழக்கறிஞர் கூண்டில் ஏற்ற முடியாது. (1982-84-ல் அதே ஊர் ஏறக்குறைய 1.8 மீட்டர் எழும்பியது.) பீகிள் கப்பலில் 1831 டிசம்பரில் புறப்பட்ட டார்வின் முதல் பாகத்தைக் கையோடு எடுத்துப் போனார். 1835-ல் சிலி நாட்டு பூகம்பத்தில் கடற்கரை சில அடிகள் உயர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தபோது, அதைப் படிக்க வேண்டிய மொழியை லயலின் புத்தகம் அவருக்கு ஏற்கனவே கற்றுக் கொடுத்திருந்தது.

ஆனால் லயல் தமது முதல் அத்தியாயங்களை நிலவியலின் சரித்திரத்துக்கு ஒதுக்கினார். அது வக்கீலின் சரித்திரம். ஒரு பக்கம் மூடநம்பிக்கை, வேதாகமம், பிரளயம். மறுபக்கம் அவதானம், நிதானம், ஹட்டன், கடைசியில் லயல். வெகுஜனப் புத்தகங்கள் இன்றுவரை சொல்லிவரும் நிலவியல் சரித்திரம், தன் கட்சிக்காரனை ஜெயிக்க வைப்பதற்காக எழுதப்பட்ட வாதத்தின் வழித்தோன்றல் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது அடுக்கு ஆர்ச்சிபால்ட் கீக்கி. பிரிட்டிஷ் நிலவியல் அளவைத் துறையின் தலைவராக இருந்தவர், நல்ல எழுத்தாளர். 1897-ல் வந்த 'நிலவியலை நிறுவியவர்கள்' என்ற அவருடைய புத்தகத்தில் ஹட்டன் முழு உருவம் பெறுகிறார்: முன்முடிவு எதுவுமில்லாமல் மலையிலும் ஓடையிலும் அலைந்து, கண்டதிலிருந்து மட்டுமே முடிவுக்கு வந்த கள ஆய்வாளர். நாயகன் வந்தால் வில்லனும் வேண்டும். அந்தப் பாத்திரம் ஜெர்மனியின் ஆப்ரஹாம் வெர்னருக்குக் கிடைத்தது. எல்லாப் பாறைகளும், பஸால்ட்கூட, ஆதிக் கடலின் நீரிலிருந்து படிந்தவை என்று சொன்னவர். ஊரை விட்டு நகராமல் கோட்பாடு பேசியவர். வேடிக்கை என்னவென்றால், ஹட்டன் அச்சிடாமல் விட்டுப்போன கையெழுத்துப் பிரதியை 1899-ல் மூன்றாம் பாகமாகப் பதிப்பித்தவரும் இதே கீக்கிதான். மூலம் தெரியாமல் எழுதியவர் அல்ல. தனக்கு வேண்டிய ஹட்டனை எடுத்துக்கொண்டார். ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1987-ல் எழுதிய 'காலத்தின் அம்பு, காலத்தின் சுழற்சி' என்ற புத்தகத்தில் தேதிகளை அடுக்கிக் காட்டி, கீக்கியின் ஹட்டன் ஒரு கற்பனை என்று நிறுவினார். 90 வருஷங்கள் ஒரு கதை நின்றிருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் போதும், கதை நின்றுவிடும்.

தேதிக் குழப்பம் என்று இதை ஒதுக்கிவிடலாமா? முடியாது. இதில் இழந்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

ஹட்டனுக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. அவருடைய பூமி சுற்றிக்கொண்டேயிருக்கிற எந்திரம். நிலம் தேய்கிறது, வண்டல் படிகிறது, எழும்புகிறது, மறுபடியும் தேய்கிறது. ஒரு சுற்றுக்கும் மறுசுற்றுக்கும் வித்தியாசம் இல்லை. 1788-ல் அச்சான அவருடைய கட்டுரையின் கடைசி வாக்கியம் உலகப் புகழ் பெற்றது. தொடக்கமும் முடிவும் இல்லை என்று அவர் சொல்வதாக அதைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது அவை நம் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்பதுதான். இருந்தாலும், எது முந்தியது, எது பிந்தியது, அப்போது எந்த உயிர் இருந்தது என்ற கேள்விகள் அவருடையவை அல்ல. பாறைகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது, கீக்கி வில்லனாக்கிய வெர்னரின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரி. ஹும்போல்ட்டும் லியோபோல்ட் ஃபான் பூக்கும் அங்கே படித்தவர்கள். பஸால்ட் விஷயத்தில் ஆசிரியர் சொன்னது தவறு என்று எரிமலைப் பிரதேசங்களுக்குப் போய்ப் பார்த்துப் பிறகு ஏற்றுக்கொண்டவர் பூக். பாறை அடுக்குகளை அவற்றிலுள்ள புதைபடிவங்களைக் கொண்டு அடையாளம் காணும் வழியை இங்கிலாந்தில் கால்வாய் வேலைக்கு நிலம் அளந்த வில்லியம் ஸ்மித்தும், பாரிஸைச் சுற்றியுள்ள நிலத்தில் குவியேவும் ப்ரோன்யாரும் கண்டுபிடித்தார்கள். கரையில்லாத காலம் ஹட்டனிடமிருந்தும், அந்தக் காலத்துக்குள் வரிசை மற்றவர்களிடமிருந்தும் வந்தது. இரண்டும் சேர்ந்த பிறகே பூமிக்குச் சரித்திரம் என்ற ஒன்று உண்டாயிற்று. காலத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு தனி மனிதனைச் சொல்லும்போது, இந்தச் சேர்க்கையே காணாமல் போகிறது.

இன்றைய புத்தகங்களின் தலைப்புகளைப் பாருங்கள். சைமன் வின்செஸ்டர் வில்லியம் ஸ்மித்தைப் பற்றி எழுதியது 'உலகை மாற்றிய வரைபடம்' (2001). ஜாக் ரெப்செக் ஹட்டனைப் பற்றி எழுதியது 'காலத்தைக் கண்டுபிடித்த மனிதன்' (2003). ஒரு மனிதன், ஒரு கணம், ஒரு வரைபடம். ஸ்மித்தின் 1815-ம் வருஷத்துப் படம் ஆச்சரியமான சாதனை. கடனுக்காக 1819-ல் அவர் சிறைக்குப் போனதும் உண்மை. வின்செஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் படித்தவர், விஷயம் தெரிந்தவர். ஆனாலும் தனிமனிதனின் அவமானமும் மீட்சியும் என்ற நாவல் அச்சுக்குள் ஒரு சாஸ்திரத்தைத் திணித்தால், அச்சுக்குள் அடங்காதது வெளியே விழுகிறது.

எரிமலைப் புத்தகங்களில் இந்தப் பழக்கம் இன்னும் வெளிப்படை. மார்த்தினீக் தீவில் 1902 மே 8-ம் தேதி காலை பெலே மலை வெடித்து, ஸான் பியேர் நகரம் சில நிமிஷங்களில் அழிந்தது. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். தப்பியது ஒரே ஒருவன், கல்லறைபோன்ற சிறையில் அடைபட்டிருந்த கைதி லூட்ஜே ஸில்பாரிஸ் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். குற்றவாளி மட்டும் பிழைத்தான் என்பதில் ஒரு நீதிக்கதையின் நயம் இருக்கிறது. அவர் பிழைத்தது உண்மை. பிறகு பார்னம் பெய்லி சர்க்கஸோடு ஊர் ஊராகப் போனதும் உண்மை. ஆனால் லெயோன் கொம்பேர்-லெயாந்த்ர் என்ற செருப்புத் தொழிலாளியும் பிழைத்தார். அவர் சிறையில் இல்லை, தமது வீட்டில் இருந்தார். ஆகவே கதையிலும் இல்லை. அந்த நகரத்தைக் கொன்றது எரிமலைக் குழம்பு அல்ல, மலைச்சரிவில் புயல் வேகத்தில் இறங்கிய சுடுவாயுவும் சாம்பலும் கலந்த மேகம் என்பதை அங்கே தங்கி ஆராய்ந்து 1904-ல் பெரிய புத்தகமாக எழுதினார் அல்ஃப்ரெட் லக்ருவா. எரிமலைகளைப் பற்றிய அறிவில் அது ஒரு திருப்பம். கைதியின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு லக்ருவாவின் பெயர் தெரியும்?

ஆகவே கதை வேண்டாம், சாஸ்திரத்தை அதன் மொழியிலேயே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஹட்டனின் 1,000 பக்கங்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். நம் வட்டத்தில் புரியாமைக்கு ஒரு மரியாதை உண்டு. மூன்று முறை படித்தும் பிடிபடாத வாக்கியத்தில் ஆழம் இருப்பதாக நினைக்கிறோம். ஹட்டனிடம் ஆழம் இருந்தது, ஆனால் அந்த ஆழம் வாக்கியச் சிக்கலில் இல்லை. சிக்கலை எடுத்துவிட்டு ப்ளேஃபேர் எழுதியபோதும் அது அங்கேயே இருந்தது. உண்மையில் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொரு சௌகரியமும் நமக்கு உண்டு. காலத்தின் பெரிய எண்களுக்கு நாம் பழகியவர்கள். ஒரு சதுர்யுகம் 43,20,000 வருஷங்கள். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி. பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி வருஷங்கள் என்று விஞ்ஞானம் சொல்வதையும் இதையும் பக்கத்தில் வைத்து, ஐரோப்பியன் 6,000 வருஷத்தில் திணறிக்கொண்டிருந்தபோது நம் முன்னோர் கண்டுவிட்டார்கள் என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது இரண்டு பக்கமும் தவறு. ஐரோப்பியன் எல்லோரும் 6,000-த்தில் இல்லை. ஹட்டனுக்கு முன்பே 1778-ல் பிரான்ஸின் பூஃபோன் பூமிக்குச் சுமார் 75,000 வருஷங்கள் என்று அச்சிட்டார். நம் 432 கோடியோ எந்தக் கல்லையும் பார்த்துச் சொன்னது அல்ல. 455 கோடி என்பது, விண்கல்லில் உள்ள ஈயத்தின் வகைகளைப் பிரித்து அளந்து க்ளேர் பேட்டர்ஸன் 1956-ல் வெளியிட்ட கணக்கு. அந்த எண் தவறாக இருந்திருந்தால் இன்னொருவர் அளந்து தவறென்று காட்டியிருக்க முடியும். பெரிய எண்ணைச் சுலபமாகச் சொல்ல முடிந்ததாலேயே நமக்குத் தலை சுற்றுவதில்லை. ப்ளேஃபேருக்குச் சுற்றியது, ஏனென்றால் அவர் முன்னால் எண் இல்லை. தொடக்கூடிய ஒரு கல் இருந்தது.

வாசகனை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்துகிற புத்தகம் எது என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்து ஜான் மெக்ஃபீ அதைச் செய்திருக்கிறார். நிலவியல் படித்தவர் அல்ல, பத்திரிகை எழுத்தாளர். அமெரிக்காவின் நெடுஞ்சாலை எண் 80-க்காக மலைகளை வெட்டிய இடங்களில் நிலவியலாளர்களோடு இறங்கி நின்று பார்த்து எழுதியது 'பேஸின் அண்ட் ரேஞ்ச்' (1981). ஆழ்காலம் என்ற சொற்சேர்க்கையை ஆங்கிலத்தில் பரவலாக்கிய புத்தகம் அது. அவரும் ஸிக்கர் முனைக் கதையைச் சொல்லாமல் விடவில்லை. ஆனால் அடுத்து 1983-ல் வந்த புத்தகத்தில், கண்டங்களின் நகர்வு பற்றிய கோட்பாட்டைக் கண்ட இடத்திலெல்லாம் பொருத்துவதைச் சந்தேகிக்கும் ஒரு நிலவியலாளரோடு பயணம் போகிறார். வெற்றிபெற்ற கோட்பாட்டின் புத்தகத்தில் சந்தேகத்துக்கு நூறு பக்கங்களுக்கு மேல் இடம். யார் ஜெயித்தார்கள் என்று அவர் அவசரப்படுவதில்லை. கோட்பாடு எப்படி எண்ணப்படுகிறது என்று பார்க்கவிடுகிறார்.

தமிழில் விஞ்ஞானத்தை எழுத வாழ்நாளைச் செலவிட்ட பெ. நா. அப்புஸ்வாமி (1891-1986) சட்டம் படித்தவர்; சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவருடைய உரைநடையை உரைநடை என்ற அளவில் எடுத்து நம்மில் எத்தனை பேர் விமர்சனம் எழுதியிருக்கிறோம்? பள்ளிப் பையன்களுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறோம். ப்ளேஃபேரை ஒதுக்கியிருந்தால் ஹட்டன் எங்கே போயிருப்பார் என்று யோசிப்பது நல்லது. இலக்கியத்திலும் நாம் நிறுவியவர்கள் என்று சிலரை வைத்திருக்கிறோம். அவர்களுக்கு எதிரில் வெர்னர்களையும் வைத்திருக்கிறோம். யாருடைய வக்கீல் வாதத்தை நாம் சரித்திரம் என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் கூடவே யோசிக்கலாம்.

ஹட்டனின் 1795-ம் வருஷத்துப் புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. ஸிக்கர் முனைக்கு ஒரு வருஷம் முன்பு, 1787-ல் ஜெட்பரோ என்ற ஊரில் அவர் கண்ட அதேபோன்ற பாறைச் சந்திப்பு. வரைந்தவர் அவருடைய நண்பர் ஜான் க்ளார்க். ஹட்டனின் பயணங்களில் அவர் வரைந்த மற்றப் படங்கள் ஒரு வீட்டில் கிடந்து, 1968-ல்தான் அகப்பட்டன, 1978-ல் அச்சாயின. ஜெட்பரோ படத்தின் கீழ்ப்பகுதியில் செங்குத்துப் பாறைகள். அவற்றின்மேல் படுக்கைப் பாறைகள். அதற்கும் மேலே மெல்லிய ஒரு மண் அடுக்கு, புல், மரம். அந்த மண்ணின்மேல் ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருக்கிறது. வண்டியில் இருப்பவர்கள் கீழே பார்க்கவில்லை. வரைந்தவர் மண்ணையும் விடாமல் வரைந்திருக்கிறார். விவசாயி ஹட்டன் கவலைப்பட்டது அந்த மெல்லிய அடுக்கைப் பற்றி.